மஜீதா நடந்த வண்டிப்பாதை

முப்பத்திநாலு வருஷம் மஜீதா கோடு போட்டாள். ஆறு, வாய்க்கால், கரை, மதகு, ஊர் எல்லை என்று திருச்சி ஜில்லாவில் அவள் கை படாத கோடு அநேகமாகக் கிடையாது. பாசன ஆபீஸின் வரைபடப் பிரிவில் டிரேசர் வேலை. மூல வரைபடத்தின் மேல் கண்ணாடி போன்ற தாளை விரித்து, அடியில் தெரிவதை அப்படியே மையில் மேலே எடுக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாளானால் இரண்டடி நீளக் கோடு நடுங்காமல் வந்து நிற்கும். ஆனால் அந்தக் கோடுகள் இருக்கிற இடத்துக்கு அவள் போனதே இல்லை. தென்னூர் வீடு, ஆபீஸ், திரும்பத் தென்னூர் வீடு. ஜில்லாவில் ஓடுகிற அத்தனை வாய்க்காலின் வளைவும் மனப்பாடம். ஒன்றிலாவது கால் நனைத்தாளா என்றால் இல்லை.

அவள் ரிட்டயரான வருஷம் ஆபீஸில் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. பழைய மேப்புகளைக் கழித்து ஏலத்தில் விட்டார்கள். ஏலம் எடுத்த பழைய பேப்பர் கடைக்காரரை மஜீதா தேடிப் பிடித்து, பின்பக்கம் துணி ஒட்டிய பதினோரு ஷீட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு மைல் தூரத்தை ஒரு அங்குலத்தில் காட்டும் மேப். நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ காடுமேடெல்லாம் நடந்து அளந்தது. மலை பழுப்புக் கோட்டில், காடு பச்சையில், ஊர் சிவப்பில். மரம் இறக்கி வைத்த இடம், சுண்ணாம்புக் காளவாய், கல் வெட்டிய குழி எல்லாவற்றுக்கும் எறும்பு மாதிரி ஒரு எழுத்து.

கணவர் ஜெகபர் சாதிக் கட்டிலில் விரிந்து கிடந்த ஷீட்டைப் பார்த்தார். படுக்க இடம் இல்லை.

"இத்தனை வருஷம் பாத்தது போதாதுன்னு வீட்டுக்கும் கொண்டாந்துட்டியா? பென்ஷனோட சேத்துக் குடுத்தாங்களா?"

"கால் மாட்டுல இருக்கிறது மணப்பாறை. மிதிச்சுடாதீங்க."

ஜெகபர் சாதிக்குக்கு மரக்கடைப் பக்கம் ப்ளைவுட், கதவு வியாபாரம். நாலு தலைமுறைக் கடை. அதைவிடப் பெரிய பெருமை ஒன்று அந்தக் குடும்பத்துக்கு உண்டு. அவர்கள் 'சுரங்கத்தார் வீடு'. ஜெகபரின் பூட்டனார் உதுமான் ராவுத்தர் மணப்பாறைப் பக்கம் பொன் சுரங்கம் வைத்திருந்தாராம். எந்த ஊரில், எத்தனை வருஷம், எடுத்த பொன் எங்கே போனது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் சுரங்கம் இருந்தது. மஜீதாவைப் பெண் பார்க்க வந்தபோது பிஸ்கட் தட்டை நீட்டுவதற்குள் இரண்டு தடவை சுரங்கம் வந்துவிட்டது. கல்யாணமாகி வந்தபிறகு அவள் புளி கரைப்பதைப் பார்த்துக்கூட மாமியார், "சுரங்கத்தார் வீட்டு மருமக, கொஞ்சம் பெரிய மனசா கரைக்கலாம்ல?" என்றுதான் சொல்லுவார்.

முதல் வருஷமே மஜீதா ஒரு கேள்வி கேட்டாள். "பொன் சுரங்கம் வச்சிருந்தவரு எதுக்குங்க மரக்கடை வச்சாரு?"

"அதெல்லாம் அப்படித்தான்" என்றார் ஜெகபர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மேப்புகள் வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மாறிப்போயின. கடையின் குட்டியானை வண்டியை ஜெகபர் ஓட்டுவார். பக்கத்து சீட்டில் மஜீதா மடியில் ஷீட்டை வைத்துக்கொண்டு வழி சொல்லுவாள். முதலில் ஜீயபுரம் தாண்டிக் காவிரிக் கரையில் 'டிம்பர் டெப்போ' என்று போட்டிருந்த இடத்துக்குப் போனார்கள். மரம் இருந்த இடத்தில் வாழை இருந்தது. வாழைக்காரரிடம் மஜீதா, "நீங்க இப்ப நிக்கிறீங்கள்ல, இங்கதான் கட்டைகளை அடுக்கி வச்சிருந்தாங்க" என்று விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கட்டு வாழை இலை கொடுத்து அனுப்பினார். "மேப்பு வாங்கினதுல இதுவரைக்கும் கண்ட லாபம்" என்று ஜெகபர் இலைக்கட்டை வண்டியில் ஏற்றினார்.

அடுத்த மாசம்தான் மணப்பாறை ஷீட்டில் அந்தப் பாதை அவள் கண்ணில் பட்டது.

காட்டின் எல்லையிலிருந்து இரட்டைப் புள்ளிக் கோடாக ஒரு வண்டிப்பாதை கிளம்பி, நாலு மைல் வந்து, ஒத்தப்புளிப்பட்டி என்கிற சின்ன ஊருக்கு அப்பால் வெறும் பொட்டலில் நின்றுவிட்டது. அந்தப் பொட்டலிலிருந்தே இன்னொரு பாதை ரயில் பாதைப் பக்கம் போனது. காட்டிலிருந்து மரவண்டி வந்தால் ஊருக்குப் போகவேண்டும், ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். பொட்டலில் நின்று என்ன செய்யும்? பாதை முடிகிற இடத்தில் ஏதோ எழுத்து இருந்தது. சரியாக அங்கேதான் ஷீட்டின் மடிப்பு. மை உதிர்ந்துபோயிருந்தது.

ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு மஜீதா ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனாள். வடக்கு உத்திர வீதியில் ஆனந்தவள்ளி வீடு. ஆபீஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. கோடு மஜீதாவின் கை, எழுத்து ஆனந்தவள்ளியின் கை. தேய்ந்த எழுத்தைப் படிப்பதில் அவளை அடிக்க ஆளில்லை.

"வாடி மஜீதா. இப்பதான் பெருமாள் சேவிச்சுட்டு வந்தேன். தீர்த்தம் குடிச்சுட்டு அப்புறம் விரி" என்றாள் ஆனந்தவள்ளி.

பிறகு லென்ஸை எடுத்துக்கொண்டு தரையில் குனிந்தாள்.

"ஓ... எல்... டி... அப்புறம் பி. நடுவுல ஒண்ணு போயிடுத்து. கடைசியில டி, எஸ். அடியே, 'ஓல்ட் பிட்ஸ்'! பழைய குழிகள்!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுரங்கத்தார் வீட்டுக் கதை ஆனந்தவள்ளிக்கும் முப்பது வருஷமாகப் பாடம்.

"உங்காத்துக்காரரோட பொன்னா இருக்குமோ? கிடைச்சா எனக்கு ஒரு ஜோடி தோடு."

"நீயும் வாயேன்."

"இந்த முழங்காலை வெச்சுண்டா? நான் மேப்பிலேயே வந்துடறேன். நீ போயிட்டு வா."

விஷயத்தைச் சொன்னதும் ஜெகபர் செல்போனைத் தேடி எடுத்தார். பிறகு ஷார்ஜாவில் இருக்கிற தம்பிக்குப் போன் போட்டார், பஹ்ரைனில் இருக்கிற மச்சானுக்குப் போன் போட்டார். "கவர்மெண்ட் மேப்புலயே போட்டிருக்கான்!" என்று வாசல்வரை குரல் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டு அத்தர் பூசிக்கொண்டு கிளம்பினார். கையில் ஒரு மஞ்சப்பை. அது எதற்கு என்று மஜீதா கேட்கவில்லை.

மணப்பாறை தாண்டியதும் சண்டை ஆரம்பித்தது. செல்போனில் வழி சொல்கிற பெண் வலது பக்கம் திரும்பச் சொன்னாள். மஜீதா இடது பக்கம் என்றாள்.

"அவ சேட்டிலைட்டுல இருந்து பாத்துச் சொல்றா, மஜீ."

"நான் நடந்து பாத்தவங்க மேப்பைப் பாத்துச் சொல்றேன்."

வலது பக்கம் போய், ஒரு கோழிப்பண்ணையின் வாசலில் பாதை முடிந்து, கால் மணி நேரம் வண்டியைப் பின்னால் எடுத்து, அப்புறம் இடது பக்கம் போனார்கள். மஜீதா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் ஜெகபருக்குப் பொறுக்கவில்லை.

ஒத்தப்புளிப்பட்டியில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, பின்பலகையில் மஜீதா ஷீட்டை விரித்தாள். ஐந்தே நிமிஷத்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஆடு மேய்க்கிற கோலோடு ஓர் அம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். பெயர் மயிலம்மாள். அறுபது வயசிருக்கும். குரலுக்கு மட்டும் முப்பது.

"யாரு நீங்க? எதுக்கு எங்க ஊரை அளக்குறீங்க?"

"அளக்கலங்க, சும்மா பாக்குறோம்" என்றாள் மஜீதா.

"முதல்ல பாக்குறோம்னுதான் வருவாங்க. அப்புறம் கல்லு நடுவாங்க. அப்புறம் நாங்க ஆபீஸ் ஆபீஸா நடக்கணும்."

ஜெகபர் நடுவில் புகுந்தார். "நாங்க கவர்மெண்ட் ஆளுங்க இல்லம்மா. திருச்சியில ப்ளைவுட் கடை."

"அப்ப எங்க மரத்தை வெட்ட வந்திருக்கீங்களா?"

கூட்டம் நெருங்கியது. சாவி வண்டியிலேயே இருக்கிறதா என்று ஜெகபர் திரும்பிப் பார்த்துக்கொண்டார். நல்லவேளையாகத் தோளில் துண்டோடு மயிலம்மாளின் புருஷன் பெரியண்ணன் வந்து சேர்ந்தார். நிதானமான மனிதர். மஜீதா அவரிடம் ஷீட்டைக் காட்டி, "இந்தப் பக்கம் பழைய குழி ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டாள்.

"குழியா? எதைக் கேக்குறீங்க? ராவுத்தர் ஏமாந்த பள்ளத்தையா?"

ஜெகபர் சாதிக்கின் முகத்தில் ஈயாடவில்லை.

"எந்த ராவுத்தரு?" என்று கேட்டார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"உதுமான் ராவுத்தருங்க. உங்க திருச்சிக்காரருதான். எங்க பாட்டன் அவருகிட்டக் குழிவேலை பாத்தவரு. நல்ல மனுஷன். ஆனா ஏமாந்துட்டாரு."

மஜீதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மேப்பை ரொம்பக் கவனமாகப் பார்ப்பதுபோல் குனிந்தாள். ஜெகபரால் அங்கே தான் யாரென்று சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில் மஜீதாதான் சொன்னாள். "அந்த ராவுத்தரோட பேரனுக்கு மகன்தாங்க இவரு."

மயிலம்மாள் கோலைக் கீழே வைத்துவிட்டாள். "அடியாத்தி! இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? மோர் குடிங்க பாய்."

மோர் குடித்துவிட்டுப் பள்ளத்துக்குக் கிளம்பினார்கள். மேப்பில் இருந்த வண்டிப்பாதை ஊரின் கடைசி வீட்டோடு நின்றுபோயிருந்தது. குறுக்கே கல்தூணும் கம்பிவேலியும். போன வருஷம் வெளியூர்க்காரர் ஒருவர் அங்கே தோட்டம் போட நிலம் வாங்கியிருந்தார். அவர் பாதையையும் சேர்த்து வளைத்துக் கட்டிவிட்டதாகப் பெரியண்ணன் சொன்னார். பள்ளத்துத் தண்ணீருக்கு ஆடு ஓட்டிப்போக இப்போது ரெண்டு கிலோமீட்டர் சுற்றவேண்டும். ஆட்டோடு சேர்ந்து சுரங்கத்தார் வீடும் சுற்றியது. கருவேல முள் ஜெகபரின் வெள்ளைச் சட்டையை ரெண்டு இடத்தில் பிடித்து இழுத்தது.

பள்ளம் சின்னக் குளம் மாதிரி இருந்தது. சித்திரை வெயிலிலும் ஆழத்தில் பச்சைத் தண்ணீர். சுற்றியிருந்த மண்ணெல்லாம் மினுமினு என்று மின்னியது. அறுபத்தாறு வயசு ஜெகபர் ஓடினார். குனிந்து ஒரு தகட்டை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

"மஜீ! பாரு! பொன்னு!"

"அது காக்காப்பொன்னுங்க, பாய்" என்றார் பெரியண்ணன்.

மைக்கா. பழைய இஸ்திரிப் பெட்டிக்குள் கம்பிச்சுருளுக்கு அடியில் வைப்பார்களே, அந்தத் தகடு. நகத்தால் உரித்தால் வெங்காயத் தோல்போல் ஒவ்வொன்றாக வந்தது. ஜெகபர் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். எந்தத் தலைமுறையில் காக்கா பறந்துபோய்ப் பொன் மட்டும் வீட்டில் தங்கியதோ, யாருக்குத் தெரியும்.

கரையில் உட்கார்ந்து பெரியண்ணன் கதையைச் சொன்னார். முதலில் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு தகடாக வந்ததாம். ராவுத்தர் காட்டில் மரக் குத்தகை எடுத்து, குழி சரியாமல் முட்டுக்கொடுக்க வேங்கையும் மருதுமாக வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கினாராம். அந்த வண்டிகள் போட்ட தடம்தான் பாதை. எட்டாள் ஆழம் போனதும் ஒருநாள் பாறையில் ஊற்றுக் கண் திறந்துகொண்டது.

"கிணறு வெட்டப் பூதம் வந்துச்சும்பாங்க. இவருக்குப் பூதம் வெட்டக் கிணறு வந்துச்சு. நாலு ஜோடி மாடு கட்டி மூணு மாசம் கவலை இறைச்சாங்க. ஒரு சாண் குறையலை. அப்புறம் போதும்னுட்டாரு. முட்டுக்கட்டையெல்லாம் பிடுங்கி, குழிவேலை பாத்த வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு உத்திரம் குடுத்தாரு. மிச்சத்தை வண்டியில ஏத்திக்கிட்டுத் திருச்சிக்குப் போயிட்டாரு. அங்க போயி மரம் விக்கிறார்னு சொன்னாங்க."

மஜீதா மெதுவாகத் திரும்பி ஜெகபரைப் பார்த்தாள். "என்னங்க, நான் கல்யாணம் ஆன வருஷம் ஒண்ணு கேட்டேன்ல?"

"இப்ப என்ன அதுக்கு?" என்றார் ஜெகபர், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதைதான். ஆனால் மயிலம்மாள் அப்படி நினைக்கவில்லை. "எந்தப் பஞ்சத்துலயும் இந்தத் தண்ணி வத்தினதில்ல பாய். அவரு ஏமாந்தாரு, நாங்க பொழைச்சோம்" என்றாள். அவர்கள் வீட்டு உத்திரத்தையும் காட்டினாள். எண்ணெய் குடித்துக் கறுத்த வேங்கை. ஜெகபர் ஸ்டூல் போட்டு ஏறி, அதை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "இப்ப இந்த மாதிரிக் கட்டை கிடைக்காது" என்றார். அன்றைக்கு அவர் சந்தேகமில்லாமல் பேசிய முதல் வாக்கியம் அது. மஞ்சப்பையில் மயிலம்மாள் தட்டைப்பயறு நிரப்பிக் கொடுத்தாள்.

மணப்பாறையில் ஜெகபர் வண்டியை நிறுத்தி முறுக்கு வாங்கினார். பிறகு, "இதை ஷார்ஜாவுக்குச் சொல்லாதே" என்றார்.

"நான் எதுக்குங்க சொல்றேன்?" என்றாள் மஜீதா. அவள் ஸ்ரீரங்கத்துக்கு மட்டும்தான் சொன்னாள். ஆனந்தவள்ளி சிரித்துச் சிரித்துப் புரையேறி, தலையில் தட்டிக்கொண்டு, "பாவம்டி அந்த மனுஷர்" என்றாள்.

வைகாசியில் பெரியண்ணன் போன் செய்தார். தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி. பாதையைப் பற்றி மனு கொடுக்கப் போகிறார்கள். ரெண்டு தடவை கொடுத்து, 'ஆதாரம் இல்லை' என்று திரும்பி வந்த மனு. அந்த மேப்பை எடுத்துக்கொண்டு அம்மா வரமுடியுமா?

மஜீதா அன்றே பழைய பேனாவைக் கழுவினாள். கிராமத்துச் சர்வே எண்கள் போட்ட படம் ஒன்றை வாங்கி, ஷீட்டின் அளவுக்குக் கணக்குப் பண்ணிக் கொண்டுவந்து, பாதை எந்தெந்த எண் வழியாகப் போகிறது என்று மூன்று நாள் உட்கார்ந்து எடுத்தாள். ரிட்டயரான நாளிலிருந்து பேனா பிடிக்காத கை. முதல் கோடு நடுங்கியது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி போட்டாள். எழுத்துப் போடத் தாள் ஆனந்தவள்ளியிடம் ஸ்ரீரங்கம் போனது.

ஜமாபந்தி அதிகாரி இளவயசுப் பெண். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"எந்தச் சாஃப்ட்வேர் இது?"

"கைங்க மேடம்" என்றாள் மஜீதா.

அதிகாரி மறுபடி பார்த்தார். "நல்லா இருக்கும்மா. ஆனா இந்த மேப்பை வச்சு நான் உத்தரவு போட முடியாது. இதுல பாதை இருந்தா அது பொதுப்பாதைன்னு ஆயிடாது."

"தெரியுங்க. முப்பத்திநாலு வருஷம் இந்த வேலைதான் பாத்தேன். நாங்க கேக்கிறது வேற. ஆதாரம் எங்க இருக்குன்னு யாரும் தேடலை. வேலிக்குள்ள போயிட்ட இந்த மூணு சர்வே நம்பரோட பழைய புலப்படத்தை மட்டும் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. அதுல இல்லைன்னா நாங்க பேசாம போயிடுறோம்."

இவ்வளவு நீளமாக ஓர் அதிகாரி முன்னால் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதிகாரி எண்களைக் குறித்துக்கொண்டு, பின்னால் வெள்ளைச் சட்டையில் நின்ற ஜெகபரைப் பார்த்தார். "நீங்களும் அந்த ஊரா? உங்களுக்கு இதுல என்ன சம்பந்தம்?"

ஜெகபர் தொண்டையைக் கனைத்தார். ஒத்தப்புளிப்பட்டியே அவரைப் பார்த்தது.

"அங்க ஒரு பள்ளம் இருக்குங்க மேடம். ராவுத்தர் ஏமாந்த பள்ளம்னு பேரு. அந்த ராவுத்தரு எங்க பூட்டனாருங்க."

கூடம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாக ஜெகபரும் சிரித்தார். அன்று சாயங்காலமே, யாரும் கேட்காமல், ஷார்ஜாவுக்குப் போன் போட்டு ஆதியோடந்தமாக அவரே சொன்னார். காக்காப்பொன் வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாகப் போனார்.

ஆடி பிறந்து ஒரு வாரத்தில் சர்வேயர் அளக்க வந்தார். பழைய புலப்படத்தில் மூன்றில் இரண்டு எண்களில் வண்டிப்பாதை தெளிவாகவே இருந்தது. மூன்றாவது எண்ணில் இல்லை. அங்கே தோட்டக்காரர் கொஞ்ச நேரம் முறுக்கினார். பிறகு பெரியண்ணனும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து பேசி, வரப்போரமாக ஆடு போகிற அகலத்துக்கு விடச் சம்மதித்தார். மற்ற ரெண்டு இடத்திலும் கல்தூண்களைப் பிடுங்கினார்கள்.

அளக்கும்போது சங்கிலியின் ஒரு முனையைப் பிடிக்க மஜீதாவை விட்டார்கள். காட்டுப் பக்கத்திலிருந்து பள்ளம்வரை முழுப் பாதையையும் அவள் நடந்தாள். பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். மண் சுட்டது. புளியமரத்தைத் தாண்டியதும் பாதை ஒரு பாறையைச் சுற்றி வளைந்தது. மஜீதா நின்று ஷீட்டைப் பார்த்தாள். ஷீட்டில் அந்த இடம் நேர்கோடு.

"என்ன மஜீ, உன் மேப்புல பாறை இல்லியா?" என்று ஜெகபர் நிழலிலிருந்து குரல் கொடுத்தார். மயிலம்மாள் கொடுத்த கம்மங்கூழ் அவர் கையில் இருந்தது.

"இல்லங்க."

"அளந்தவன் வெயிலுக்குப் பயந்து எங்கேயோ உக்காந்து போட்டிருப்பான். என்னை மாதிரி."

மஜீதா பாறைமேல் ஷீட்டை விரித்து, பென்சிலை எடுத்து, அந்த வளைவை மெல்லிசாகப் போட்டாள். சர்வேயர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தெக்கால போகணும்மா" என்றார். அழித்துவிட்டுத் திருத்திப் போட்டாள். அதற்குள் மயிலம்மாளின் ஆடுகள் அவர்களைக் கடந்து தண்ணீருக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தன.